அன்ரன் கடந்த குளிர்காலங்கள்

ஜூன் மாதத்து வியாழக்கிழமை அது. பகல் பன்னிரண்டேகால் மணி. மெல்பேர்னில், கிளென் வேவர்லி ரயில் நிலையத்துக்கு முன்னாலுள்ள தரிப்பிடத்தில் என் பஸ்ஸை நிறுத்திவிட்டு இருந்தேன். அடுத்த ஓட்டத்துக்கு ஒன்பது நிமிடம் இருந்தது. பிளாஸ்கில் கொண்டுவந்த தேநீரை மூடியில் ஊற்றும்போது போன் அடித்தது. எங்கள் டிப்போவில் வேலை செய்யும் நாதன்.

"ரவி அண்ணை, அன்ரன் அண்ணை போயிட்டார்."

"எங்க?" என்று கேட்டேன். அப்படித்தான் கேட்டேன்.

"பதினொரு மணிபோல. வீட்டிலயாம்," என்றான்.

எப்படி என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே கேள்வியை வாய்க்குள் வைத்துக்கொண்டு போனை வைத்தோம். நேரம் வந்ததும் கதவைத் திறந்து பயணிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். நாற்பத்திரண்டு நிறுத்தங்கள். ஒவ்வொன்றிலும் நின்றேன், காலை வணக்கமோ மாலை வணக்கமோ ஏதோ சொன்னேன், ஆனால் அந்தக் கேள்வி எனக்குப் பின்னால் ஓர் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஓட்டம் முடிந்ததும் வேறொருவரிடம் பஸ்ஸைக் கொடுத்துவிட்டு, டண்டினோங்கில் உள்ள அன்ரனின் வீட்டுக்குப் போனேன்.

அன்ரனின் மனைவி ரெஜினா வாசலில் நின்றா. என் முகத்தைப் பார்த்ததும், நான் வாய் திறக்கமுதலே சொன்னா:

"நீங்கள் நினைக்கிறது இல்ல, ரவி அண்ணை. பின்வளவில உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிண்டவர். தலைக்குள்ள நரம்பு வெடிச்சதாம். ஆம்புலன்ஸ் வரமுதலே எல்லாம் முடிஞ்சுது."

அந்த வாசற்படியிலேயே இருந்து அழுதேன். அழுகையில் பாதி துக்கம். மற்றப் பாதி ஆறுதல். ஒரு நண்பன் இறந்த செய்தியில் ஆறுதல் தேடிய வெட்கத்தை இன்றைக்கும் என்னால் உதற முடியவில்லை.

இதை வாசிக்கும், அன்ரனை அறிந்த உங்களில் பலருக்கும் அதே கேள்வி வந்தது என்று எனக்குத் தெரியும். அடக்கத்தன்று தேவாலயத்தின் கார் தரிப்பிடத்தில் மூன்று பேர், தனித்தனியாக, என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டுபோய்க் கேட்டார்கள். "உண்மையா நரம்புதானோ?" ஒருவர், "எங்களுக்குச் சொல்லலாம், வெளியில போகாது," என்றார். அன்று இரவே ரெஜினாவிடம் கேட்டுக்கொண்டேன், இதை எழுதலாமா என்று. "அவர் ஒரு நாளும் ஒளிச்சவர் இல்ல. நீங்கள் ஏன் ஒளிக்க வேணும்? முழுக்க எழுதுங்கோ," என்றா. ஆகவே முழுக்க எழுதுகிறேன்.

அன்ரன் மன்னார்க் கரையில் பிறந்தவர். இருபது வருடங்களுக்கு முன் மெல்பேர்னுக்கு வந்து, கோழி வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் சில காலம் நின்று, பிறகு பஸ் ஓட்ட வந்தார். போகும்போது வயது ஐம்பத்தாறு. மகள் மெலனி சிட்னியில், வெஸ்ட்மீட் வைத்தியசாலையில், தாதியாக வேலை செய்கிறாள். அன்ரனுக்குப் பெரிய குரல். தேவாலயப் பாடகர் குழுவில் அவர் வராத ஞாயிற்றுக்கிழமை பாட்டு ஒரு பக்கம் சரிந்தமாதிரி இருக்கும். தன் பஸ்ஸில் ஏறும் ஆட்களின் பெயர்களைக் கேட்டுப் பாடமாக்கி வைத்திருப்பார். டிசெம்பர் மாதத்தில் டிப்போவின் தேநீர் அறைக்குள் அவர் இருக்கிறாரா இல்லையா என்பதைக் கதவுக்கு வெளியிலிருந்தே சொல்லிவிடலாம்.

ஆனால் டிசெம்பர்க் கோடையில் அவரைப் பார்த்தவர்கள் ஜூன் குளிரில் அவரை அடையாளம் கண்டிருக்கமாட்டார்கள்.

ஏழு வருடங்களுக்கு முன், ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், குளிர்காலத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளிய அன்று, நாங்கள் இரண்டு பேரும் தேநீர் அறையில் இருந்தோம். ஒரு மணித்தியாலம் கூடுதலாக நித்திரை கொண்டதாக எல்லாரும் சந்தோசப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அன்ரன் மட்டும் ஜன்னலைப் பார்த்தபடி, "மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளுற அண்டைக்கு, எங்கயோ ஒரு கதவைச் சாத்துற சத்தம் எனக்குக் கேக்கும், ரவி," என்றார். பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த வருடம் எங்கள் இருவருக்கும் பிளந்த வேலைநேரம். காலை ஐந்திலிருந்து ஒன்பதரை. பிறகு பின்னேரம் மூன்றிலிருந்து ஏழு. குளிர்காலத்தில் அந்த நேரம் எப்படி என்று பஸ் ஓட்டியவர்களுக்குத் தெரியும். இருட்டுக்குள் வீட்டை விட்டு வெளிக்கிடுவோம். இருட்டுக்குள் திரும்பி வருவோம். இடையில் கிடைக்கும் பகலைத் திரைச்சீலையை இழுத்துவிட்டு நித்திரையில் போக்குவோம். மே மாத முடிவில் அன்ரன் பாடகர் குழுவுக்குப் போவதை நிறுத்தியிருந்தார். தாடி வளர்ந்தது. ரெஜினா கட்டிக்கொடுக்கும் சோற்றைத் தொடாமல், இயந்திரத்தில் விற்கும் இனிப்பு ரொட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தின்றார். உடம்பு பெருத்தது. குரல் சிறுத்தது. பயணிகள் வணக்கம் சொன்னால் தலையை மட்டும் ஆட்டினார். குடிக்கத் தொடங்கிவிட்டார் என்று டிப்போவில் கதை அடிபட்டது. வீட்டில் ஏதோ பிரச்சினை என்று நான் நினைத்தேன். இரண்டும் பிழை.

ஜூனில் ஒரு நாள், காலை பத்து மணியளவில், டிப்போவின் கார் தரிப்பிடத்தின் கடைசி வரிசையில் அன்ரனின் கார் நின்றது. அவர் உள்ளே இருந்தார். இருக்கைப் பட்டி போட்டிருந்தது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில். இயந்திரம் ஓடவில்லை. வீட்டுக்குப் போகப் புறப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு, ஒருவருக்குப் பதிலாக ஓட வேண்டியிருந்த ஓட்டத்துக்குப் போய்விட்டேன். இரண்டு மணிக்குத் திரும்பி வந்தபோதும் கார் அங்கேயே நின்றது. கண்ணாடியெல்லாம் உள்ளுக்குள் மூச்சுப் பட்டுப் புகார் பிடித்து மங்கியிருந்தது. முன்கண்ணாடியின் கீழ் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. பட்டி போட்டபடி. இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.

நான் தட்டவில்லை.

அடுத்தவருடைய விஷயத்தில் தலையிடக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. தட்டினால் என்ன பதில் வருமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. காலடிச் சத்தம் கேட்காமல், அந்தக் காரைச் சுற்றிக்கொண்டு, என் காருக்குப் போனேன்.

ஒரு மாதம் கழித்து, ஜூலையில், காலை ஏழு மணிக்கு முன்னால் அது நடந்தது. நல்ல மூடுபனி. அன்று நான் மாற்றாளாக டிப்போவில் இருந்தேன். கட்டுப்பாட்டறையில் இருந்த பெண் ஓடிவந்து, அன்ரனின் பஸ் நடுவழியில் ஒரு நிறுத்தத்தில் நிற்கிறது, ரேடியோவில் கூப்பிட்டால் பதிலில்லை என்றாள். மேற்பார்வையாளர் காரை எடுக்க, நானும் போனேன்.

பஸ்ஸின் விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. இரண்டு கதவும் திறந்து கிடந்தன. பனி உள்ளே போய்க்கொண்டிருந்தது. ரயிலைப் பிடிக்கப் போகும் பதினைந்து இருபது பேர் ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தார்கள். கோபப்படும் கட்டத்தைத் தாண்டிப் பயப்படும் கட்டத்துக்கு வந்திருந்தார்கள். வயதான சீனப் பெண் ஒருவர் மட்டும் எழுந்து வந்து அன்ரனின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தா. என்னைக் கண்டதும் அன்ரனின் தோளிலிருந்து தன் கையை எடுத்தா. எவ்வளவு நேரமாக அப்படி வைத்திருந்தாவோ தெரியாது.

"அன்ரன், என்ன செய்யுது? நெஞ்சு நோகுதே?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். அழவில்லை. முகத்தில் ஒன்றுமே இல்லை.

"கால் ஏலாமல் இல்ல, ரவி. அமத்தினா பஸ் போகும். ஏன் அமத்த வேணும் எண்டுதான் தெரியேல்லை."

அந்த வசனத்தை நான் இன்னும் கேட்கிறேன். அவரை இறக்கி மேற்பார்வையாளரின் காரில் ஏற்றிவிட்டு, அந்தப் பஸ்ஸை நான் ஓட்டிக்கொண்டு போனேன். இருக்கை அவருடைய உடம்புச் சூட்டோடு இருந்தது.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்குப் போனபோது அன்ரன் அறைக்குள் படுத்திருந்தார். ரெஜினா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி, மெதுவான குரலில் பேசினா. ஆரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்று ஊரிலிருந்து அவவுடைய மச்சாள் சொல்கிறாளாம். பாதிரியார் செபிக்கச் சொன்னாராம். "நான் செபிக்கிறன் அண்ணை. ஆனா நாலு நாளா கார்த் திறப்பை அரிசி வாளிக்குள்ள ஒளிச்சு வைச்சிருக்கிறன். ஏன் ஒளிக்கிறன் எண்டு எனக்கே சொல்லப் பயமாக் கிடக்கு." அரிசிக்குள் கிடக்கும் கார்ச் சாவியை நினைத்துக்கொண்டு தேநீரைக் குடித்தேன். மகள் மெலனிதான் சிட்னியிலிருந்து போனில் அழுது, சண்டைபோட்டு, மருத்துவரிடம் நாள் எடுத்துக் கொடுத்தவள்.

மருத்துவர் மலேசியாவிலிருந்து வந்த தமிழ்ப் பெண். அங்கே நடந்ததை அன்ரன் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் அந்தப் பெண்ணின் பேச்சைப் பேசிக்காட்டும்போது சிரிப்பும் வரும், உடம்பும் சிலிர்க்கும். இரத்த அழுத்தம் பார்த்து, நித்திரை, சாப்பாடு எல்லாம் கேட்டுவிட்டு, பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாவாம்:

"அங்கிள், நேரா கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. செத்துப் போயிடலாம்னு நெனப்பு வருதா?"

பக்கத்தில் ரெஜினா இருந்தா. அன்ரன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "ஓம்," என்றார்.

"எத்தனை நாளா?"

"மே மாசத்திலயிருந்து."

ரெஜினாவின் கைப்பை மடியிலிருந்து கீழே விழுந்ததாம். அதை எடுக்க ஒருவரும் குனியவில்லையாம். "அவ கேட்டதும் எனக்குப் பயம் வரேல்லை, ரவி," என்று அன்ரன் சொல்வார். "மூச்சு வந்தது. மூண்டு மாசமா எல்லாரும் என்னைச் சுத்திச் சுத்திப் போனவங்கள். ஒருத்தரும் கேக்கேல்லை." அவர் இதைச் சொல்லும்போது நான் கார் தரிப்பிடத்தை நினைத்துக்கொள்வேன். நான் அன்றைக்குச் சுற்றிக்கொண்டு போனதை அவர் கண்டாரா என்று கடைசிவரை கேட்கவில்லை.

வெளிச்சம் குறையும் மாதங்களில் சிலருக்கு வரும் மனச்சோர்வு இது, வருடா வருடம் வரக்கூடியது என்று மருத்துவர் விளக்கினா. "மே மாசம் வந்து செப்டம்பர்ல போகுதுன்னா, அடுத்த மேக்கு முன்னாடியே நாம தயாரா இருக்கலாம் அங்கிள். எப்ப வரும்னு தெரியறது நல்லதுதான்." அன்ரன் இதை எனக்குச் சொன்ன விதம் வேறு. "டொக்டர் அதை நல்ல செய்தி எண்டு சொன்னா. எனக்குக் கேட்டது, அது திரும்பி வரும் எண்டதுதான்."

ஆனாலும் அவர் தயாரானார். மாத்திரை எடுத்தார். மெலனி அனுப்பிய விளக்குப் பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, விடியமுதல் அதன் வெள்ளை வெளிச்சத்துக்கு முன்னால் அரை மணித்தியாலம் இருந்து இடியப்பம் சாப்பிடுவார். மேலாளரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தாமலே காரணத்தைச் சொல்லி, பகல்நேர வேலைக்கு மாறினார். மதியத்தில் வெயிலோ மேகமோ நாற்பது நிமிடம் நடந்தார். தமிழில் பேசக்கூடிய உளவள ஆலோசகர் ஒருவரைத் தேடிப் பிடித்து இரண்டு கிழமைக்கு ஒருமுறை போனார். இதையெல்லாம் விட அவர் பெரிதாக நினைத்தது வேறொன்று. பெப்ரவரி மாதத்தில், நல்ல வெயிலில், நல்ல மனநிலையில், தன் கையாலேயே ஒரு தாள் எழுதி ரெஜினாவிடம் கொடுத்தார். அது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இன்றைக்கும் ஒட்டியிருக்கிறது.

"நான் பூசைக்கு வரேல்லை எண்டு சொன்னா, கேளாதை. கூட்டிக்கொண்டு போ. நான் சாப்பிட்டனான் எண்டு சொன்னா, சாப்பாட்டுக் கோப்பையைப் பார். நான் சுகமாயிருக்கிறன் எண்டு சொன்னா, நம்பாதை. டொக்டருக்கும் ரவிக்கும் போன் எடு. அந்த நேரம் கதைக்கிறது நானில்ல."

முதல் தடவை அதை வாசித்தபோது, கடைசி வரியைத் தாண்ட எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

இரண்டாவது குளிர்காலம் ஓரளவு நன்றாகவே போனது. நாங்கள் எல்லோரும் அதை நம்பிவிட்டோம். அன்ரனும் நம்பிவிட்டார். அடுத்த கோடையில், தனக்கு இனி ஒன்றுமில்லை என்று, யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினார். விளக்குப் பெட்டி அலுமாரிக்கு மேலே போனது. மூன்றாவது குளிர்காலத்தில், ஆள் குறைவு என்று டிப்போவில் கேட்டபோது, விடிகாலை வேலைக்குத் தானே கை உயர்த்தினார். ரெஜினாவிடம் எல்லாம் சரி என்றார். தாள் கதவில் இருந்தது. ஆனால் அவர் அவ்வளவு அழகாகச் சிரித்துக்கொண்டு சொன்னதால் ரெஜினா நம்பிவிட்டா.

ஜூன் நடுப்பகுதியில், அதே கார் தரிப்பிடத்தில், அதே கடைசி வரிசையில், அவருடைய காரின் கண்ணாடி புகார் பிடித்திருந்தது.

இந்த முறை தட்டினேன். தட்டியும் அவர் திரும்பவில்லை. கதவைத் திறந்து பக்கத்து இருக்கையில் ஏறி இருந்தேன். உள்ளே வெளியைவிடக் குளிராக இருந்தது.

"சுகமோ அன்ரன்?"

"நல்ல சுகம். நீர் வேலைக்குப் போம்."

"எவ்வளவு நேரமா இதில இருக்கிறீர்?"

"இப்பதான் காரைக் கொண்டுவந்து விட்டனான்."

அவருடைய காருக்கு அடியில் மட்டும் நிலம் காய்ந்திருந்தது. மழை விடியற்காலையில் பெய்தது.

"அன்ரன், சாகிற நினைப்பு வருகுதோ?" என்று கேட்டேன். மருத்துவர் கேட்ட மாதிரி நேராகக் கேட்க முயன்றேன்.

அவர் புகார் பிடித்த கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுவே பதில். நான் அந்த இருக்கையில் இருந்தபடியே ரெஜினாவுக்குப் போன் எடுத்தேன். பிறகு மேற்பார்வையாளருக்கு. அன்ரன் என் கையைப் பிடித்துத் தடுத்தார். பலமான பிடி. "நீர் என்ர வேலையைப் பறிக்கிறீர். உம்மை நான் நண்பன் எண்டு நினைச்சனான்," என்றார். நான் போனை வைக்கவில்லை. ரெஜினா வரும்வரை நாங்கள் இருவரும் அந்தக் காருக்குள் இருந்தோம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நாற்பது நிமிடம் வேறில்லை.

மூன்று கிழமை வைத்தியசாலையில் இருந்தார். என்னைப் பார்க்க விரும்பவில்லை என்று சொல்லிவிட்டார். இரண்டு தரம் போய், கீழே வாகனத் தரிப்பிடத்தில் நின்றுவிட்டுத் திரும்பினேன். நான் செய்தது சரிதானா என்ற கேள்வி ஜூலை முழுக்க என்னோடு கிடந்தது. அவர் வீட்டுக்கு வந்த பிறகு, ஓகஸ்டிலும் பேசவில்லை. செப்டம்பரிலும் இல்லை. ஒக்டோபரில் ஒரு ஞாயிறு, வெயில் கொளுத்திய மத்தியானம், எங்கள் வீட்டு மணி அடித்தது. அன்ரன், கையில் டண்டினோங் சந்தையில் வாங்கிய நண்டுப் பையோடு.

"நீர் செய்தது சரி," என்றார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னார். "ஆனா எனக்கு இன்னும் கோவம் இருக்கு. ரெண்டையும் சொல்லத்தான் வந்தனான்."

"கோவத்தோட நண்டு சாப்பிடலாமோ?" என்று கேட்டேன்.

"அது சாப்பிடலாம்," என்று செருப்பைக் கழற்றினார்.

அதற்குப் பிறகு வந்த நான்கு குளிர்காலங்களையும் அவர் கடந்தார். வென்றார் என்று எழுதினால் அவர் ஏற்கமாட்டார். ஒவ்வொரு மே மாதமும் அது வந்தது. சில வருடம் கிட்ட வந்தது, சில வருடம் கொஞ்சம் தள்ளி நின்றது. "கடலெண்டா வானத்தைப் பாத்துச் சொல்லலாம், காத்து வருதோ இல்லையோ எண்டு," என்பார். "இது வெயிலுக்குள்ள நிக்கேக்கையே பின்னால வந்து நிண்டு மூச்சு விடும்." மாத்திரையை அவர் மறுபடி நிறுத்தவில்லை. ஒவ்வொரு குளிர்காலத்திலும் எடை ஏறும், நித்திரை கெடும், இரண்டு மூன்று நாள் படுக்கையை விட்டு எழும்பமுடியாமல் போகும். அப்போது ரெஜினா தாளைப் பார்த்து எனக்குப் போன் எடுப்பா. நான் போய் அவரோடு நடப்பேன். பேசமாட்டார். சில நாள் முழு நடையிலும் அவருடைய சப்பாத்துச் சத்தம் மட்டும்தான்.

நான்கு வருடங்களுக்கு முன் தேவாலய மண்டபத்தில், திருநாள் விருந்தின் நடுவில், அவர் எழுந்து நின்று பேசியது உங்களில் சிலருக்கு ஞாபகமிருக்கும். "குளிர்காலம் வந்தா ஆருக்காவது ஏலாமப் போகுதெண்டா எனக்குச் சொல்லுங்கோ. எனக்கு அது வாறது. வெட்கப்பட ஒண்டுமில்லை," என்றார். மண்டபத்தில் எல்லாரும் எங்கள் சாப்பாட்டுக் கோப்பைகளைப் பார்த்தோம். ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டு, "எங்கள் எல்லாருக்கும் குளிர்தான் அன்ரன். நல்லதா ஒரு ஜாக்கெட் வாங்கும்," என்றார். சிலர் சிரித்தார்கள். அன்ரன் கோபப்படவில்லை. "ஜாக்கெட்டுக்குள்ளயும் வந்து ஏறும் ஐயா," என்று சொல்லிவிட்டு இருந்தார். அதற்குப் பிறகு அவர் அதைப் பொதுவில் பேசவில்லை. ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இந்த வருடம் ஏப்ரல் போனது, மே போனது. அன்ரன் பாடகர் குழுவுக்குப் போய்க்கொண்டிருந்தார். முகம் தெளிவாக இருந்தது. இறப்பதற்கு இரண்டு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை மதியம், வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் நடந்தோம். எனக்குச் சந்தோசம். "இந்த முறை விட்டிட்டுது போல," என்றேன்.

அவர் நடையை நிறுத்தினார். குளக்கரை மரங்களுக்குப் பின்னால் எதையோ தேடுகிறமாதிரிப் பார்த்தார்.

"இல்ல ரவி. இன்னும் வரேல்லை, அவ்வளவுதான். எங்கயோ நிண்டு பாத்துக்கொண்டிருக்கு."

நல்ல வெயில். ஆனாலும் நான் ஜாக்கெட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டேன்.

அந்த வியாழக்கிழமையும் வெயில் எறித்த நாள். உடுப்புக் கழுவி, கூடையில் எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனவர், குசினி ஜன்னல் வழியாக ரெஜினாவோடு மத்தியானச் சமையலைப் பற்றிப் பேசிக்கொண்டு நின்றாராம். "பருப்பை இறுக்கமா வை," என்பதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. பதில் சொல்ல ரெஜினா நிமிர்ந்து பார்த்தபோது கொடியில் பாதி உடுப்புத்தான் தொங்கியது. அன்ரன் அங்கே நிற்கவில்லை. நாங்கள் அத்தனை பேரும் ஏழு வருடமாக ஒரு பக்கத்தையே பார்த்துக்கொண்டு காவல் இருந்தோம். மரணம் எங்கள் ஒருவருக்கும் தெரியாத பக்கத்தால் வந்தது. கேட்டவர்களுக்கு இதுதான் பதில். அவர் தன் கையால் போகவில்லை. கடைசி நிமிடம் வரை, மத்தியானச் சாப்பாட்டை எதிர்பார்த்துக்கொண்டு, உயிரோடு இருந்தார்.

முப்பத்தோராம் நாள் பூசை ஜூலை நடுவில் நடந்தது. மண்டபத்தில் சாப்பாடு முடிந்து ஆட்கள் கலையும்போது, எனக்கு முன்பின் தெரியாத பெண் ஒருவர் என்னிடம் வந்தா. ஐம்பது வயது இருக்கும். முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறாவாம். பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று கேட்டிருக்கிறா.

"நீங்கள்தானே அவரோட வேலை செய்தது?"

"ஓம்."

"எனக்கு அவர் ஒவ்வொரு புதன்கிழமையும் போன் எடுக்கிறவர். மண்டபத்தில அண்டைக்குக் கதைச்ச பிறகு நான்தான் அவரிட்டப் போய்ச் சொன்னனான். நாலு வருசம். மே தொடங்கினா ஓகஸ்ட் முடியுமட்டும். ஒரு புதனும் தவறினதில்ல."

நான் ரெஜினாவைப் பார்த்தேன். ரெஜினாவுக்கும் தெரியாது. அந்தப் பெண் கைக்குட்டையை மடித்து மடித்து மிகச் சிறிதாக்கிக்கொண்டிருந்தா.

"இப்பவும் புதன்கிழமை வருகுது," என்றா. "அதுதான்."

அவவுடைய இலக்கத்தை வாங்கிக்கொண்டேன். எனக்கு அன்ரனின் குரல் இல்லை. யாரோடும் என்ன பேசுவது என்று தெரியாத ஆள் நான். சென்ற புதன்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு, பஸ்ஸை நிறுத்திவிட்டு, அந்த இலக்கத்தை அழுத்தினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஐந்து, ஆறு, ஏழு. எட்டு. ஒன்பதாவதில் எடுத்தா.

"ஓம், சொல்லுங்கோ."

"ஒண்டுமில்ல. சும்மாதான் எடுத்தனான். ரவி கதைக்கிறன்."

அந்தப் பக்கத்தில் சலவை இயந்திரங்களின் சத்தம் கேட்டது. பிறகு அவ சொன்னா:

"அவரும் இப்பிடித்தான் தொடங்குறவர்."

அன்ரனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் புதன்கிழமை. இதை எழுதும்போது வெளியில் மழை விடவில்லை. குளிர்காலம் முடிய இன்னும் ஐந்து புதன்கிழமைகள் இருக்கின்றன.